பெருவிரல் கட்டு

இடுப்பு மூட்டை ஸ்கேன் எடுக்கிறவனுக்கு முதலில் தெரியவேண்டியது இடுப்பைப் பற்றி அல்ல, பாதத்தைப் பற்றி. இதை எந்தக் காலேஜிலும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை. மல்லாந்து படுத்தால் மனுஷனுக்குப் பாதம் இரண்டும் தன்னால் வெளிப்பக்கம் சாயும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நீங்களே படுத்துப் பாருங்கள், மேடம். தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதற்கு ஒரு கிண்ணம். பந்தைத் தொடையோடு சேர்க்கிற கழுத்து கொஞ்சம் முன்பக்கம் பார்த்தபடி இருக்கும். பாதம் வெளியே சாய்ந்து கிடந்தால் அந்தக் கழுத்து படத்தில் குட்டையாக, மொண்ணையாக விழும். அதனால் இரண்டு பாதத்தையும் பதினைந்து டிகிரி உள்ளே திருப்பி, பெருவிரல் இரண்டும் தொடும்படி வைத்து, டேப் சுற்றிக் கட்டிவிட வேண்டும். அப்போதுதான் கழுத்து முழு நீளத்துக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்கிறேன். தாணுலிங்கம் எடுத்த படத்தைத் திரும்ப எடுக்கச் சொன்ன டாக்டர் இந்தத் திருவனந்தபுரத்தில் கிடையாது.

நீங்கள் மலையாளத்தில் கேளுங்கள், குழப்பமில்லை. வாக்குமூலத்தை நான் தமிழில்தான் எழுதித் தருவேன். மலையாளம் எனக்கு வேலை செய்கிற பாஷை. இது வீட்டு விஷயம்.

என் தங்கை செண்பகவல்லி கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினீர்கள். அவள் கணவர் வேலப்பனை நான் கொன்றேன் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அவர் செத்தது இடுப்பெலும்பில் வந்த கட்டியால். அது நுரையீரலுக்குப் பரவியது என்று மருத்துவமனைக் காகிதமே சொல்கிறது. நான் அவர் உடம்பில் தொட்டது பாதத்தை மட்டும்தான். அதுவும் வேலை நிமித்தம். ஆனாலும் அவள் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றால் அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். யார் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, நாகர்கோவில் பக்கத்திலிருந்து செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கரமனையில் வாடகை வீடு. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எனக்கு முப்பத்திரண்டு. நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவை இருக்கவில்லை, வீட்டில் சோறு இருந்தது, துவைத்த சட்டை இருந்தது, பேச ஆள் இருந்தது. காலையில் நான் குளித்து வரும்போது இட்லி தட்டில் இருக்கும். சட்னியில் உப்பு ஒருநாளும் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. நான் வேலை விட்டு வருவதுவரை அவள் சாப்பிடாமல் காத்திருப்பாள். நான் ஒன்றும் காத்திருக்கச் சொல்லவில்லை. அவளாகச் செய்ததுதான்.

அவளுக்கு நான் மாப்பிள்ளை பார்க்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அது பச்சைப் பொய். மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் நெய்யாற்றின்கரையில் ஒரு பாங்கில் வேலை. பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்போது அவர் நடையைக் கவனித்தேன். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் லேசாக இறங்கியது. நாற்பது வயதில் மூட்டு போய்விடும். அப்புறம் இவளல்லவா தாங்கிப் பிடிக்க வேண்டும். வேண்டாம் என்றுவிட்டேன். அவருக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. சாலைக் கடைத்தெருவில் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறார். அது வேறு விஷயம். இரண்டாவது ஆள் பொன்முடி எஸ்டேட்டில் சூப்பர்வைசர். நல்ல மனுஷன், தேயிலை ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். ஒரு நாளைக்கு எத்தனை பஸ் என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மலையிலிருந்து இவள் எப்படி வந்து போவாள்? மூன்றாவது ஆளை ஏன் வேண்டாம் என்றேன் என்பது இப்போது ஞாபகமில்லை.

வேலப்பனை நான் பார்க்கவில்லை. அவராகத்தான் வந்தார். மார்த்தாண்டத்துக்காரர். மனைவி இறந்து, பிள்ளை குட்டி இல்லாமல், கழக்கூட்டத்தில் ஐ.டி. பார்க் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்திக்கொண்டிருந்தார். செண்பகம் இட்லிப்பொடி இடித்து ஒரு கடைக்குக் கொடுப்பாள். அந்தக் கடையில் வாங்கித் தின்று பார்த்துவிட்டு, கைப்பக்குவம் யாருடையது என்று விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டார். வாயைத் திறந்தால் மூடமாட்டார். ஒரு இடத்தில் உட்காரவும் மாட்டார்; பேசிக்கொண்டே எங்கள் வீட்டு ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தார். நாலைந்து வருஷமாக அந்தக் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது, எனக்கு அது தொந்தரவாக இருந்ததில்லை.

அப்புறம் ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செண்பகம் எதிரே வந்து நின்றாள்.

"அண்ணா, நான் ஒண்ணு சொல்லுதேன், நடுவுல பேசாதீங்க. அவருக்குச் சரின்னு சொல்லிட்டேன். நீங்க வேண்டாம்னு சொல்லதுக்கு முன்னால சொல்லிட்டேன்."

நாற்பத்துநாலு வயதில். நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். கோயிலில் வைத்து நடந்தது. நானும் போயிருந்தேன். போட்டோவில் இருக்கிறேன், வேண்டுமென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு யார்மேலும் ஒரு கோபமும் இல்லை.

கல்யாணம் கழிந்து அவர்கள் பொன்முடி போய்வந்தார்கள். வழியில் கல்லாற்றில் எடுத்த படத்தை வாட்ஸாப்பில் வைத்திருந்தாள். பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு சிரிக்கிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு இத்தனை பல் இருப்பதை நான் கண்டதில்லை. பாறை வழுக்கும், கவனமாக இரு என்று பதில் போட்டேன். வேறொன்றும் போடவில்லை.

என் கவலையெல்லாம் அவள் உடம்பைப் பற்றித்தான். மெஸ்ஸில் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் தரையில் காலையிலிருந்து நின்றபடி வேலை. தினம் எழுபது பேர் சாப்பாடு. முழங்கையில் எண்ணெய் தெறித்த புள்ளி. "கை என்னடி ஆச்சு" என்று கேட்டால் சிரிக்கிறாள். வேலப்பன் கூடமாட வேலை செய்யத்தான் செய்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் வீட்டில் இரண்டு பேருக்குச் சமைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவள். அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று நான் நினைத்தேன். தங்கைக்கு ஓய்வு வேண்டும் என்று அண்ணன் நினைப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஸ்கேன் எடுத்த நாளுக்கு வருகிறேன். போன வருஷம் ஓணத்துக்கு முந்தின வாரம். சனிக்கிழமை மத்தியானம். வேலப்பனுக்கு இரண்டு மாதமாக வலது இடுப்பில் வலி. எலும்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருந்தார். செண்பகம் போன் செய்து, "அண்ணா, நீங்களே எடுங்க. வேற யாரும் தொட வேண்டாம்" என்றாள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் அன்றைக்கு மற்றவர்களைத் தள்ளி வைத்து இவருக்கு நேரம் ஒதுக்கினேன். கூட வேலை செய்கிற ஜெஸ்லின் அப்போது சாப்பிடப் போயிருந்தாள். அவளை நான் அனுப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பசிக்கிற பெண்ணைச் சாப்பிடப் போகச் சொன்னேன், அவ்வளவுதான்.

மெஷின் அறைக்குள் உலோகம் எதுவும் கொண்டுபோகக் கூடாது. செண்பகம் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். உள்ளே வரவேண்டுமென்றால் தாலியைக் கழற்றி வைக்க வேண்டும் என்றேன். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. உலோகத்தோடு தாண்டக் கூடாது என்று தரையில் போட்டிருக்கிற கோட்டுக்கு அந்தப் பக்கம் வாசலிலேயே நின்றுகொண்டாள். நான் அவரைப் படுக்க வைத்து, சிக்னல் பிடிக்கிற காயில் பலகையை இடுப்புக்கு நேராக வைத்து, பாதத்தை உள்ளே திருப்பி, பெருவிரல் இரண்டையும் சேர்த்து டேப் போட்டேன்.

வேலப்பன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓய் மச்சான், இது என்னது? செத்தவனுக்குக் கெட்டுத மாதிரி கெட்டுதியோ?"

வாசலில் நின்றவள் சிரிக்கவில்லை. "அண்ணா, அத மட்டும் அவுத்துருங்க. வேற எப்படியாச்சும் செய்ய முடியாதா?"

"படம் நல்லா வரணுமா, வேண்டாமா?" என்றேன். கதவைச் சாத்திவிட்டு மெஷினை ஓட்டப் போனேன்.

ஜெஸ்லின் உங்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. தமிழ்க் குடும்பத்திலிருந்து யார் வந்தாலும் நான் பெருவிரலைக் கட்டுவதில்லை. பாதத்துக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து முட்டுக்கொடுத்துவிடுவேன். மலையாளிகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஆட்களுக்குப் பிணத்தின் ஞாபகம் வந்து முகம் செத்துப்போகும். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு மணல் பைதான். படம் அதிலும் நன்றாகவே வரும். அப்படியானால் வேலப்பனுக்கு மட்டும் ஏன் கட்டினாய், அப்போது நீ இன்னும் படத்தையே பார்க்கவில்லையே என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. அவர் ஒரு இடத்தில் அசையாமல் கிடக்கிற ஆள் இல்லை, அதனால் கட்டினேன். மணல் பை அலமாரியில்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும்.

ரிப்போர்ட் திங்கட்கிழமை வந்தது. எங்கள் படங்களைக் கொச்சியில் வீட்டிலிருந்தபடி டாக்டர் கிரீஷ் பார்த்து எழுதுவார். வலது தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது, ஆரம்பக் கட்டம் என்று எழுதியிருந்தார். அதில் ஒரு எழுத்து தப்பு கிடையாது. வேலப்பனுக்குக் கைத்தடி, மாத்திரை, பாரம் தூக்கக் கூடாது. செண்பகம் எனக்கு ஒரு டப்பா நிறைய பால்கோவா கொடுத்துவிட்டாள்.

தை மாதம் போன் வந்தது. இப்போது இடது பக்கமும் வலிக்கிறதாம். வலது காலைக் காப்பாற்றுவதற்காக இடது காலில் சாய்ந்து நடக்கிறார், அதனால் வருகிற வலி என்று சொன்னேன். இது என் சொந்தச் சரக்கு இல்லை, புத்தகத்திலேயே உள்ளது. மார்ச்சில் எலும்பு டாக்டர் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாராம். அவள் என்னிடம்தான் கேட்டாள். இன்னும் ஆறு மாசம் கழியட்டும், இப்போது எடுத்தால் வித்தியாசம் தெரியாது என்றேன். அவள் சரி என்றாள். நான் சொன்னால் அவள் இரண்டாவது ஆளிடம் கேட்கமாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மே மாதம் அவருக்கு இருமல் வந்தது. வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், அப்புறம் உடம்பு முழுக்க. இடது இடுப்பெலும்பில் ஒரு கட்டி. அங்கிருந்து நுரையீரல் முழுவதும் பொட்டுப் பொட்டாக. அந்த டாக்டர் பேசியபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். ஒரு வருஷம் முன்னால் கண்ணில் பட்டிருந்தால் அந்த எலும்புத் துண்டை எடுத்துவிட்டு மருந்து கொடுத்திருக்கலாம், நல்ல வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்.

"அப்போ ஒண்ணும் இருக்கல, டாக்டர்" என்றாள் செண்பகம். "எங்க அண்ணன்தான் எடுத்தது. அப்போ இருந்திருந்தா அண்ணன் சொல்லியிருக்கும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது துக்கம். நீங்கள் வேறு பெயர் வைத்தாலும் சரி.

இந்த வருஷம் ஓணம் கழிந்து ஒன்பதாம் நாள் வேலப்பன் போய்ச் சேர்ந்தார். காலை பதினொன்றரைக்கு அவள் கூப்பிட்டாள். பன்னிரண்டரைக்கு நான் கழக்கூட்டத்தில் இருந்தேன். மெஸ்ஸின் பின்னால்தான் அவர்கள் வீடு. பந்தி பெஞ்சை எடுத்துப் போட்டு அதன்மேல் கிடத்தியிருந்தார்கள். மார்த்தாண்டத்திலிருந்து அவர் சித்தப்பா சத்தியதாஸ் வந்திருந்தார். கால் கட்டுவதற்குத் துணி கிழிக்க ஒரு பழைய வேட்டி தேடிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டுகிறேன் என்றேன். என் சட்டைப்பையில் டேப் இருந்தது.

அதையும் கேட்டீர்கள். ஸ்கேன் சென்டரில் அந்த நாளும் அதற்கு முந்தின இரண்டு நாளும் நீ லீவு போட்டிருக்கிறாய், லீவு நாளில் பையில் டேப் எதற்கு என்று. பழக்கம், மேடம். மூக்குக் கண்ணாடி எடுத்து வைத்துக்கொள்வதைப் போல. மூன்று நாள் லீவு எதற்கு என்றால், அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது, எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று தெரியும். தயாராக இருந்தேன். சொந்தக்காரன் தயாராக இருக்க வேண்டாமா?

நான் கட்டினேன். அங்கேதான் ஒரு பிசகு நடந்துவிட்டது. என் கை தன் வேலையைத் தானாகச் செய்துவிட்டது. குதிகாலைப் பிடித்து, பாதம் இரண்டையும் உள்ளே திருப்பி, பதினைந்து டிகிரி வந்ததும் பெருவிரலை ஒட்டவைத்து, டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடித்து வைத்தேன். பிறகு எடுக்கும்போது தோலோடு பிய்யாமல் இருக்க நுனியை மடிப்போம். செத்தவருக்கு அது தேவையில்லை. நிமிர்ந்தபோது செண்பகம் அழுகையை நிறுத்தியிருந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் அவளைப் பார்க்கப் போனேன். மெஸ் அன்றைக்கே திறந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. அடுப்படியில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், "வீட்டுக்கு வந்துரு. கிரைண்டரை ரிப்பேர் செய்து வெச்சிருக்கேன். உன் ரூமுக்கு வெள்ளையும் அடிச்சாச்சு" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். "செத்தவன் காலை யாரும் உள்ள திருப்பிக் கெட்டமாட்டாங்க, அண்ணா. சும்மா சேத்துக் கெட்டுவாங்க. நீங்க அன்னிக்கு மெஷின்ல கெட்டின மாதிரியே கெட்டினீங்க. அப்பவே தெரியுமா உங்களுக்கு? அந்தப் படத்துல என்ன பாத்தீங்க?"

நான் சொன்னேன், "ஒண்ணும் இல்ல."

"சோறு எறக்கணும். பிள்ளைக வந்துரும்" என்று திரும்பிக்கொண்டாள்.

அங்கிருந்து அவள் நேராக எங்கள் சென்டருக்குப் போய் ஜெஸ்லினைப் பார்த்திருக்கிறாள். சொல்லிக்கொடுத்தது யார் என்று ஊகம் இருக்கிறது என்றேனே, அது இவள்தான். கொல்லத்துக்காரி, சின்னப் பெண், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஆனால் மூக்கில் வேர்க்கிற ஆள். பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "தாணு சேட்டா, இதில் ஒந்நு கழிஞ்ஞால் நாலு. ரெண்டும் மூணும் எவிடெ போயி?"

ஒன்றுக்கு அப்புறம் நாலு வருகிறது, இரண்டும் மூன்றும் எங்கே போயிற்று என்கிறாள். அதைத்தான் நான் யோசிக்காமல் விட்டது. மெஷின் ஒவ்வொரு வரிசைப் படத்துக்கும் அதுவாக ஒரு எண் போடும். எடுத்த படத்தை அழிக்கலாம். ஆனால் அடுத்தது அடுத்த எண்ணிலிருந்துதான் தொடங்கும், பின்னால் போகாது. ஒன்று இருந்தது, நாலு, ஐந்து, ஆறு, ஏழு இருந்தது. நடுவில் இரண்டு எண்ணைக் காணவில்லை. கொச்சி டாக்டர் கவனிக்கவில்லை. நோயாளியால் அதிக நேரம் படுக்க முடியவில்லை, வலது இடுப்பு மட்டும் எடுத்திருக்கிறது என்று நான் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தேன். இத்தனை வருஷத்தில் என் குறிப்பை யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஜெஸ்லின் ஒருத்திதான் எண்ணிப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்தது நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் சுற்றி வளைப்பதில் அர்த்தமில்லை. சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்க இடுப்புக்கு எழுதிக் கொடுத்தாலும் முதலில் இரண்டு இடுப்பும் சேர்ந்து விழும்படி அகலமாக எடுப்போம். நோவில்லாத பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா. வேலப்பனுக்கும் அப்படித்தான் எடுத்தேன். இரண்டாம் எண்ணில் இடது இடுப்பெலும்புக்குள் கறுப்பாக ஒரு திட்டு. மூன்றாம் எண்ணில் அதே இடம் வெள்ளையாகப் பளிச்சென்று. எலுமிச்சம்பழம் அளவு. எலும்பின் ஓரத்தை இன்னும் முழுதாகத் தாண்டவில்லை. நான் டாக்டர் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் பார்த்த கண்ணுக்கு அது என்னவென்று தெரியாமல் போகாது. அந்த மூன்றாம் வரிசைக்கு நாலு நிமிஷம் இருபது விநாடி ஆகும். அது முடிந்து திரையில் படமாக வந்தபிறகு இன்னும் ஒரு நாலு நிமிஷம் நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பயம் வந்தால் அமுக்குவதற்குக் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருப்போம். அவர் அமுக்கினார். மைக்கைப் போட்டேன்.

"மச்சான், சத்தமே இல்லியே, முடிஞ்சுதா? சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சப்பாத்தி போடணும், அவ ஒத்தைக்கு நின்னு கஷ்டப்படுவா."

கண்ணாடி வழியாகப் பார்த்தால் எனக்குத் தெரிந்தது அவர் முகம் இல்லை. கட்டிவைத்த இரண்டு பாதம். அதற்கு அப்பால், கதவின் வட்டக் கண்ணாடியில் செண்பகம். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை இல்லை.

நான் சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். ஆபரேஷன் நடக்கும். அவள் இராப்பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள், அவன் பிழைத்து எழுந்து நடப்பான், ஆயுசு பூராவும் அந்தச் சிமெண்ட் தரையில் இவள் நிற்பாள். அவர் என்றே வாசித்துக்கொள்ளுங்கள், கை தவறி வந்துவிட்டது. சொல்லாவிட்டால் ஒரு வருஷம். அப்புறம் அவளுக்கு ஓய்வு. இவ்வளவுதான் நான் யோசித்தது. எனக்காக ஒன்றுமே யோசிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கு. ஆடாம கெடங்க" என்று மைக்கில் சொன்னேன். இரண்டையும் மூன்றையும் அழித்தேன். படம் விழுகிற சட்டத்தைச் சுருக்கி வலது இடுப்பு மட்டும் விழும்படி வைத்து நாலிலிருந்து ஏழுவரை எடுத்தேன். அருமையான படங்கள். கழுத்து முழு நீளத்துக்கும் தெரிந்தது. கேட்டது வலது இடுப்பு, கொடுத்தது வலது இடுப்பு. அதன்பின் பதின்மூன்று மாதம், ஒவ்வொரு தடவை அவள் போன் செய்தபோதும், உண்மையைச் சொல்ல எனக்குச் சமயம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் சொல்லவில்லை. ஆமாம், வேலப்பனைச் சாகவிட்டது நான். தெரிந்தே செய்தேன். யாரும் தூண்டவில்லை.

கிரைண்டரை எப்போது ரிப்பேருக்குக் கொடுத்தாய் என்று கேட்டு, அந்தக் கடை ரசீதையும் காட்டினீர்கள். போன வருஷம் ஓணத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை. ஸ்கேன் எடுத்த சனிக்கிழமைக்கு அடுத்து வந்த திங்கள். தேதி சரிதான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். எல்லாப் பக்கத்திலும் போட்டிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஷிஜா மேடம், உங்களிடம் ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். நேற்று செண்பகம் வாக்குமூலம் கொடுக்க வந்து வராந்தாவில் நடந்துபோனாள். என் பக்கம் திரும்பவில்லை, அது பரவாயில்லை. அவள் நடையைப் பார்த்தேன். இடது காலை ஊன்றும்போது உடம்பு சாய்கிறது. சிமெண்ட் தரை. நான் அப்போதே சொன்னேன். ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் ஜெஸ்லினிடமோ வேறு யாரிடமோ போய்ப் படுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்களுக்குப் பாதம் வைக்கவே தெரியாது. அவளுக்கு நான் விரலைக் கட்டமாட்டேன், மணல் பைதான் வைப்பேன். நான் வெளியே வருவதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். எனக்காகக் காத்திருப்பது அவளுக்குப் புதிதில்லை.